ஊருக்கொரு சபை

2013-ஆம் ஆண்டு இந்தியாவில் இரண்டு மலைகளின் மக்கள் ‘வேண்டாம்’ என்றார்கள். ஒன்று ஏற்காடு இருக்கும் நமது சேர்வராயன் மலை. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, வாக்குப்பதிவு எந்திரத்தில் ‘எவரும் வேண்டாம்’ என்னும் நோட்டா வந்தது. தமிழ்நாட்டில் அந்தப் பொத்தானை முதலில் பார்த்தவர்கள், டிசம்பர் 4 இடைத்தேர்தலில் வாக்களித்த ஏற்காடு தொகுதிக்காரர்கள். நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் அதை அழுத்தினார்கள். மற்றொன்று ஒடிசாவின் நியமகிரி. அங்கே பாக்சைட் வெட்டலாமா என்று கிராம சபைகளைக் கேட்கும்படி ஏப்ரல் 18 அன்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் பன்னிரண்டு ஊர்களின் சபைகள் நீதித்துறைப் பார்வையாளர் முன்னிலையில் கூடின. பன்னிரண்டும் மறுத்தன.

நோட்டாவுக்கு எல்லா வேட்பாளர்களையும்விட அதிக வாக்கு விழுந்தாலும், அதற்கு அடுத்து வருபவரே சட்டமன்ற உறுப்பினர். ஏற்காட்டார் சொன்ன ‘வேண்டாம்’ கணக்கில் ஏறியது, அத்தோடு சரி. நியமகிரியார் சொன்னதோ சுரங்கத்தையே நிறுத்தியது. 2014 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்துவிட்டது. மறைப்புக்குப் பின்னால் ஆளுக்கொருவராக நின்ற ஆயிரக்கணக்கானோரால் ஆகாதது, ஊராகக் கூடிப் பேசிய சின்னஞ்சிறு ஊர்களால் ஆனது. அவர்களைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது, காரணம் அதுதான்.

நாட்டின் ஜனநாயகத்தைச் சீர்திருத்துவது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அது தேர்தலைச் சுற்றியே முடிந்துபோகிறது. எந்திரமா வாக்குச்சீட்டா, எத்தனை கட்டம், யார் யாருடன் கூட்டணி. இரண்டு தேர்தல்களுக்கு இடையிலான ஐந்தாண்டில் குடிமக்களுக்கு என்ன வேலை என்பதை யாரும் கேட்பதில்லை. நமது கருத்து இதுதான்: மக்களைச் சீர்திருத்தத்தில் பங்கெடுக்கச் செய்ய, ஏற்கெனவே சட்டத்தில் உள்ள கிராம சபையை ஊருக்கு ஒன்றாக்க வேண்டும், அது சொல்வதற்குப் பதில் சொல்லும் கடமையை அரசுக்கு விதிக்க வேண்டும்.

நியமகிரியை இங்கே இழுப்பதற்குக் காரணம் உண்டு. பாக்சைட் நம் மலையிலும் வெட்டப்பட்டது. மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் அதைத் தோண்டி மேட்டூர் ஆலைக்குக் கொண்டுபோனது. 1995-இல் அந்நிறுவனம் ஸ்டெர்லைட் வசமானது; நியமகிரிக் கனிமத்துக்குக் காத்திருந்த வேதாந்தாவும் அதே குழுமம்தான். ஒரே கனிமம், ஒரே குழுமம், இரண்டு மலைகள். இங்கே குத்தகை கொடுத்த காலத்தில் ஊரைக் கேட்கச் சொல்லும் சட்டம் இல்லை. அதற்கும் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முன்பு, சேலம் கலெக்டர் காக்பர்ன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தபோது, கேட்க வேண்டும் என்ற எண்ணமே ஆட்சியில் இல்லை.

இப்போது சட்டம் இருக்கிறதா? பாதி இருக்கிறது. பழங்குடிப் பகுதிகளின் கிராம சபைகளுக்கு நிலம், நீர், சிறு வனப்பொருள் ஆகியவற்றின் மீது அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டின் பெசா சட்டம், அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தும். பத்து மாநிலங்களில் அத்தகைய பகுதிகள் உண்டு. தமிழ்நாட்டில் ஓர் ஊர்கூட இல்லை. 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தின் பழங்குடியினர் ஏறத்தாழ எட்டு லட்சம். அவர்களில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் மலையாளிகள். சேர்வராயன், கல்வராயன், கொல்லி, பச்சைமலை, சவ்வாது என்று மலை மலையாக வாழ்கிறவர்கள். 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட இரண்டில் ஏற்காடும் ஒன்று. ஆனால் அந்தத் தொகுதியும் மலையோடு நிற்பதில்லை. வாழப்பாடிச் சமவெளிவரை இறங்குகிறது. ஆக, மலையேறி வந்தது இடஒதுக்கீடு மட்டும்தான். அதிகாரம் வரவில்லை.

கிளியூரை எடுத்துக்கொள்வோம். ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் கிளியூர் அருவியாக விழுகிறது. ஏரிப்பக்கம் எந்த விடுதிக்கு அனுமதி தரலாம், அதன் கழிவுநீர் எங்கே போக வேண்டும், அருவிக்கு வருகிற வண்டிகளை எங்கே நிறுத்துவது, பாதையோரக் கடை யாருக்கு என்பதெல்லாம் அந்த ஊரின் அன்றாடம். அவற்றை விவாதிக்க ஊருக்கென்று சபை கிடையாது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இன்படி ஓர் ஊராட்சிக்கு ஒரே கிராம சபைதான். நாகலூர், வாழவந்தி, மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை என்று இங்குள்ள ஊராட்சி ஒவ்வொன்றும் மேட்டிலும் பள்ளத்திலும் சிதறிய பல ஊர்களின் தொகுப்பு. மூவாயிரம் முதல் பத்தாயிரம் பேர்வரை உள்ள ஊராட்சியில் இருநூறு பேர் வந்தால் கூட்டம் செல்லும். கூட்டம் நடக்கிற ஊருக்குப் பக்கத்தில் இருப்பவர்களைக் கொண்டே அந்த இருநூறை நிரப்பிவிடலாம். பஸ் போகாத ஊரின் குரல் தீர்மான நோட்டில் ஏறாது. நகரங்களுக்கோ 2022 நவம்பர் முதல் வார்டுக்குள்ளேயே பகுதி சபைகள் வந்துவிட்டன. தெருக்கள் ஒட்டிக் கிடக்கும் நகரத்துக்குச் சிறு சபை, ஊர்கள் விலகிக் கிடக்கும் மலைக்குப் பெருஞ்சபை. இது என்ன கணக்கு?

சபை கூடும் நாள் விஷயமும் பேசத் தக்கது. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி ஜெயந்தி ஆகிய நான்கும் சட்டப்படி சம்பளத்தோடு கூடிய விடுமுறை நாட்கள். பின்னால் தமிழக அரசு சேர்த்த மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் அப்படியல்ல. ஆறு முறை கூடுவது நல்லதுதான். ஆனால் காப்பித் தோட்டத்துக் கூலிப் பெண் அந்த இரண்டு நாட்களில் சபைக்கு வர அன்றைய கூலியை விட வேண்டும்.

இதோடு இன்னொரு வெற்றிடமும் உண்டு. அரசியல் சட்டத்தின் 243E பிரிவு ஊராட்சியின் ஆயுளை ஐந்தாண்டு என்கிறது. அது முடிவதற்குள் தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2016-இல் அது மீறப்பட்டு மூன்றாண்டுக்கு மேல் தனி அலுவலர்கள் ஆண்டார்கள். 2019 டிசம்பரில் சேலம் உள்ளிட்ட மாவட்டங்களில் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. மறுபடியும் உரிய காலத்தில் தேர்தல் நடக்கவில்லை, மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். தலைவர் பதவி இழப்பார், வார்டு உறுப்பினர் வீட்டுக்குப் போவார். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் சேர்ந்த கிராம சபைக்கு மட்டும் பதவிக்காலம் கிடையாது, அதைக் கலைக்க யாராலும் முடியாது. இத்தனை உறுதியான அமைப்பு, வரவு செலவை வாசித்துக் கையெழுத்து வாங்கும் சடங்காக நடத்தப்படுகிறது.

குடிமக்கள் சபை பற்றி உலகெங்கும் இப்போது பேசுகிறார்கள். அயர்லாந்தில் 2016-இல் குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்ட 99 குடிமக்கள் வார இறுதிகளில் கூடி, மருத்துவர்களையும் வழக்கறிஞர்களையும் வரவழைத்துக் கேட்டு, கருக்கலைப்புத் தடையை நீக்கப் பரிந்துரைத்தார்கள். நாடாளுமன்றம் அதை எடுத்துக்கொண்டது. 2018 மே மாதப் பொதுவாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தார்கள். ஐஸ்லாந்திலும் மக்கள் பங்கெடுத்துப் புதிய அரசியல் சட்ட வரைவு உருவானது. 2012-இல் வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அதை ஏற்றும், நாடாளுமன்றம் கிடப்பில் போட்டது. கூடிப் பேசுவது பாதி வேலை. மேலிருப்பவர் பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் மறுபாதி.

குலுக்கல் என்றதும் உத்திரமேரூர்க் குடவோலை நமக்கு நினைவுக்கு வரும். முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டுகளில் இருப்பவை நில உரிமையும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கான விதிகள். நிலத்தில் உழைத்தவர்களுக்கு அங்கே இடமில்லை. பெருமை பேசுவதைவிட, அதிலிருந்து ஒரு விதியை எடுத்துக்கொள்ளலாம்: கணக்குக் காட்டாதவர் மறுபடி வாரியத்துக்கு வரக் கூடாது; அவர் உறவினரும் கூடாது.

சபையைச் சிறிதாக்கினால் ஊர்ப் பெரியவர்கள், தோட்ட முதலாளிகள், கட்சிக்காரர்கள் கைக்குள் அது போய்விடாதா என்ற கேள்வி நியாயமானது. மலையின் பழைய அமைப்பில் பல ஊர் சேர்ந்த நாட்டுக்குப் பட்டக்காரர், ஊருக்குத் தலைவர் என்று ஊரே அலகாக இருந்தது. ஆனால் அங்கே தீர்ப்புச் சொன்னவர்கள் ஆண்கள். அதைத் திரும்பக் கொண்டுவருவது நம் நோக்கமில்லை. சபை ஒருசிலர் கைக்குள் போகாமல் தடுக்கும் வழியை வன உரிமைச் சட்டத்தின் 2012 திருத்த விதிகளே காட்டுகின்றன. சபை குடியிருப்பு அளவில் கூட வேண்டும். பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். பெண்களும் தோட்டத்து லயன்களில் வாழ்கிற தொழிலாளரும் பாதிப் பேருக்குள் வந்தே ஆக வேண்டிய சபையைப் பெரிய மனிதர்கள் நாலு பேர் நடத்திவிட முடியாது. வன உரிமைச் சட்டம் ஐந்தாம் அட்டவணைக்குக் கட்டுப்பட்டதும் அல்ல. அது ஏற்காட்டுக்கும் பொருந்தும், இன்றைக்கே பொருந்தும்.

எனவே மூன்று கோரிக்கைகள். ஒவ்வொரு குடியிருப்பும் தனிக் கிராம சபையாக வேண்டும், அதே பாதி, அதே மூன்றிலொரு பங்கு விதிகளோடு. சபை நாள் எந்த நாளானாலும் அன்றைய கூலி தொழிலாளிக்குக் கிடைக்க வேண்டும். சபையின் தீர்மானத்துக்கு, ஏற்றோம் அல்லது இன்ன காரணத்தால் மறுத்தோம் என்று, குறித்த நாட்களுக்குள் அதிகாரி எழுத்தில் பதில் தர வேண்டும். அந்தப் பதில் அடுத்த கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும்.

ஐந்தாம் அட்டவணையில் சேர்ப்பது குடியரசுத் தலைவரின் ஆணைக்கு உரியது; அதற்கான குரல் தொடரட்டும். இந்த மூன்றுக்கும் டெல்லிவரை போக வேண்டியதில்லை. சபையின் அளவும் பதில் தரும் கடமையும் மாநிலத்தின் 1994 சட்டத்தில் எழுதிவிடக் கூடியவை. கூலிக்கான விதியும் சென்னைக் கோட்டையின் கைக்கு எட்டாததல்ல. தேர்தலுக்குத் தேர்தல் வாக்குக் கேட்டு மலையேறி வருகிறவர்களிடம் நாம் சாலை கேட்டோம், விளக்குக் கேட்டோம், பட்டா கேட்டோம். கொடுத்ததும் அவர்கள், மறுத்ததும் அவர்கள். இனி வருகிறவரிடம் இந்தத் திருத்தத்தைக் கேட்போம். சாலையை எங்கே போடுவது என்பதை ஊர் தானே தீர்மானித்துக்கொள்ளும்.