விளிம்பின் அறம்

சித்திரைத் திருவிழாவை முன்னிட்டு, வீரபாண்டி கௌமாரியம்மன் கோவிலுக்கு வருவோரை வரவேற்கும் சுவரொட்டிகளும் துண்டறிக்கைகளும் அச்சாகின்றன. அத்தகைய அச்சுகளில் சில வேளை ஓரத்துப் பெயரின் ஈற்றெழுத்து வெட்டுப்பட்டிருக்கும். அல்லது வண்ணப் படத்தின் விளிம்பில் மெல்லிய வெண்கோடு தெரியும். பழி, தாளை வெட்டிய தொழிலாளிமேல் விழுகிறது. பெரும்பாலும் அதற்குப் பொறுப்பானவர் பக்கத்தை வடிவமைத்தவரே என்பது என் துணிபு.

அச்சகத்தில் தாள்கள் ஒவ்வொன்றாக வெட்டப்படுவதில்லை. நூற்றுக்கணக்கில் அடுக்கி ஒரே வீச்சில் வெட்டப்படுகின்றன. கத்தி அழுந்தும்போது தாள்கள் இம்மியளவு நகர்வது இயல்பு. அந்நகர்வை எதிர்பார்த்தே வண்ணத்தை வெட்டுக்கோட்டிற்கு அப்பால் 3 மி.மீ. நீட்டுவர். இதனை அச்சுத்தொழிலில் 'பிளீடு' என்பர். 210 × 297 மி.மீ. அளவுள்ள ஏ4 பக்கம், நாற்புறமும் நீட்டியபின் 216 × 303 மி.மீ. ஆகும். எழுத்துகளோ வெட்டுக்கோட்டிலிருந்து 5 மி.மீ. அளவேனும் உள்ளே அமைய வேண்டும்.

நடுவில் மடித்துப் பின் அடிக்கும் மலர்களில் கூடுதல் கவனம் தேவை. மடிப்பின் உட்புறத் தாள்கள் வெளியே துருத்தி நிற்கும். வெட்டியபின் அவற்றின் அகலம் குறையும். ஓரத்தை ஒட்டிய பக்க எண் அங்கேதான் பறிபோகிறது.

இவ்விழிப்பு நமக்குப் புதிதன்று. ஓலைச்சுவடி எழுதியோர் ஓலையின் இருமருங்கும் இடம் விட்டனர். கயிறு கோக்கும் துளையைச் சுற்றியும் எழுதாது தவிர்த்தனர். ஓரம் ஒடிந்தாலும் சொல் பிழைக்க வேண்டும் என்னும் முன்னறிவு அது.

'அச்சகத்தார் சரிசெய்துகொள்வர்' என்பார் உளர். இல்லாத ஓரத்தை அவர்கள் எங்கிருந்து கொணர்வர்? படத்தைப் பெரிதாக்கினால், எழுத்துகள் மேலும் கத்தியை நெருங்கும்.

மாணவர்களே! பள்ளி ஆண்டு மலரை அச்சுக்கு அனுப்புமுன் மாதிரிப் படி ஒன்றை எடுங்கள். வெட்டுக்கோட்டை அளவுகோலால் வரைந்து, கத்தரியால் வெட்டிப் பாருங்கள். ஒரு தோழரின் பெயர் முழுமையாக அச்சேறுவது அவருக்கு நாம் செலுத்தும் மதிப்பு. அதற்கு வேண்டிய இடம் சில மில்லிமீட்டரே.