பச்சை வளையம்

அவித்த முட்டையின் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் தெரிந்தால் முட்டை பழையது என்று முடிவுகட்டிவிடுகிறோம். நானும் ஒருமுறை கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். பிழையோ என் அடுப்பில் இருந்தது. அதிக நேரம் கொதித்தால் வெள்ளைக் கருவிலிருந்து வெளிப்படும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, மஞ்சள் கருவின் இரும்போடு சேர்ந்து அந்நிறத்தைத் தருகிறது. கொதிநீரில் 10, 11 நிமிடம் போதும் (நாமோ குழம்பு இறங்கும்வரை விட்டுவிடுகிறோம்). உடனே குளிர்ந்த நீரில் இட வேண்டும்.

ஓட்டோடு வெள்ளைக் கருவும் பிய்ந்து வந்தால், முட்டை மிகப் புதியது என்று பொருள். நாளாக ஆகக் கரியமில வாயு ஓட்டின் நுண்துளைகள் வழியே வெளியேறி, காரத்தன்மை கூடி, சவ்வின் பிடி தளரும். அவிப்பதற்கு ஒரு வாரம் இருந்த முட்டையே மேல்.

கடைக்காரர் அன்று மறுபேச்சின்றி வேறு இரண்டு முட்டைகள் கொடுத்தார். அவற்றிலும் அதே வளையம்.