என் அளவு நோட்டை யாரும் பார்த்ததில்லை

திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவே ஒரு கிராமத்தில் 14 வருடமாகத் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் ஒரு அளவு நோட்டு இருக்கிறது. நீளமான கணக்கு நோட்டு, ஓரமெல்லாம் மெஷின் எண்ணெய்க் கறை. மார்புச் சுற்று, இடுப்பு, கை நீளம், கழுத்து இறக்கம் என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் எத்தனையோ பேரின் உடம்புக் கணக்கு அதில் இருக்கிறது. ஆபரேஷனில் ஒரு பக்க மார்பை இழந்த ஒரு அக்காவுக்கு ரவிக்கையின் உள்ளே பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுக்கிறேன். யாரென்று அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். என் வீட்டுக்காரர்கூட அந்த நோட்டைப் பிரித்ததில்லை. வேலை முடிந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன்.

அப்படிக் காத்தவளின் கையிலிருந்துதான் அத்தனை பேரின் போன் எண்ணும் களவு போனது.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மெஷின் மோட்டார் போயிற்று. பொங்கலுக்குத் தைக்கக் கொடுத்திருந்த துணிகள் சேற்றில் ஊறிக் கிடந்தன, அவற்றுக்கு நான்தானே பதில் சொல்ல வேண்டும்? அரசு கொடுத்த 2,000 ரூபாய் அரிசி பருப்புக்கே சரியாகப் போனது. குழுக் கடன் ஏற்கெனவே கழுத்து வரைக்கும். அந்த நேரம் பார்த்து போனில் ஒரு லிங்க் வந்தது. 5 நிமிடத்தில் 6,000 ரூபாய் கடன் என்றது.

ஆதாரின் இரண்டு பக்கமும் கேட்டது. பான் கார்டு கேட்டது. முகத்தை நேராக வைத்து ஒரு செல்ஃபி எடுக்கச் சொன்னது. அப்புறம் வரிசையாகச் சின்னச் சின்னப் பெட்டிகள். காண்டாக்ட்டைப் பார்க்கலாமா, படங்களைப் பார்க்கலாமா, மெசேஜைப் படிக்கலாமா, நீ இருக்கும் இடத்தை அறியலாமா? மறுத்தால் அடுத்த பக்கம் திறக்கவே இல்லை. ‘அனுமதி’, ‘அனுமதி’ என்று அழுத்திக்கொண்டே போனேன். கைக்கு வந்தது 3,600. கட்ட வேண்டியது 6,000. கெடு 7 நாள்.

ஆறாம் நாளே மிரட்டத் தொடங்கிவிட்டார்கள். திண்டிவனத்தில் மோட்டாரைப் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு, லைனிங் துணி எடுக்க விழுப்புரம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் முதல் மெசேஜ்: என் காண்டாக்ட் பட்டியல், பெயரும் எண்ணுமாக. விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது படம் வந்தது. நான் எடுத்துக் கொடுத்த அதே செல்ஃபி. முகம் என்னுடையது. கழுத்துக்குக் கீழே யாரோ ஒரு பெண்ணின் துணியில்லாத உடம்பு. பக்கத்து சீட்டில் ஒரு காலேஜ் பெண் உட்கார்ந்திருந்தாள். போனைக் கவிழ்த்து மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அழுத்திப் பிடித்து என்ன? விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நான் இறங்குவதற்குள் அது ஊரெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது.

‘செஞ்சி நாத்தனார்’, ‘சம்பந்தி அம்மா’, ‘பாப்பா டீச்சர்’, ‘பால்காரர்’. உறவும் உரிமையுமாக நான் எழுதி வைத்திருந்த பெயர்களே அவர்களுக்கு வழி சொல்லிக் கொடுத்திருக்கின்றன. யாருக்கு அனுப்பினால் நான் அதிகம் துடிப்பேன் என்று என் போனே சொல்லிவிட்டது. கம்மலை அடகு வைத்துக் கட்டினேன். கட்டிய பிறகும் வேறொரு எண்ணிலிருந்து இன்னும் 4,000 கேட்டார்கள்.

என் மானம் போனதைக்கூட ஒரு மாதிரி விழுங்கிக்கொண்டேன். இதைத்தான் விழுங்க முடியவில்லை: என்னிடம் தைக்கிற பெண்கள் ரவிக்கையைப் போட்டுப் பார்த்து, “அக்கா, கை இறுக்குது பாருங்க” என்று படம் எடுத்து அனுப்புவார்கள். அந்தப் படமெல்லாம் என் போனில்தான் இருந்தது. அடுத்த வாரம் ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. “அக்கா, என் போட்டோவையும் எடுத்திருப்பாங்களா?” என்று கேட்டாள். என்ன பதில் சொல்வேன்? அளவு ரவிக்கையைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை.

கடன் வாங்கியவள் நான். அவள் என்ன வாங்கினாள்? எந்தப் பெட்டியில் அவள் ‘அனுமதி’ என்று அழுத்தினாள்? என் ஒரு விரலை வைத்து ஊரில் உள்ள பெண்களின் எண்ணையெல்லாம் அள்ளிக்கொண்டு போக எவன் உரிமை கொடுத்தான்?

“படித்துப் பார்த்து அழுத்தியிருக்கலாமே” என்கிறார்கள். பக்கம் பக்கமாக ஆங்கிலம், ஐயா. வீட்டில் தண்ணீர் வடியாமல் நிற்கும்போது எதைப் படிப்பது?

புகார் எழுத உதவிய வக்கீலம்மா சொல்லித்தான் மற்றதெல்லாம் தெரிந்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்றே ஒருமனதாகச் சொல்லிவிட்டார்களாம். ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2021இல் எண்ணிப் பார்த்த 1,100 கடன் செயலிகளில் 600 சட்டவிரோதமானவையாம். கடன் செயலி காண்டாக்ட்டையும் படங்களையும் தொடவே கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதி போட்டது. மறு வருடம் கூகுளும் தன் பிளே ஸ்டோரில் அதையே தடுத்தது. விதிக்குக் கட்டுப்படுகிறவன் அங்கே கடை போடுவான். எனக்கு வந்தது லிங்கில். கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழக அரசு 2025இல் சட்டம் கொண்டுவந்தது. மிரட்டுகிறவனுக்குப் பெயரும் இல்லை, ஊரும் இல்லை, யார் மேல் பாயும் அது?

2023இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கு விதிகள் எழுத 2025 நவம்பர் ஆனது. அதிலும் முக்கியமான கடமைகளை நிறைவேற்ற நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம். எனக்குக் கொடுத்த கெடு 7 நாள். அவர்களுக்கு 18 மாதம்!

சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் போன் செய்து புகார் எண் வாங்கி வைத்திருக்கிறேன். அந்தப் படம் இன்னும் எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்கள் போனுக்கு அது வந்தால், அது நான் இல்லை. யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பிய எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு 1930க்குச் சொல்லுங்கள். கழுத்துக்குக் கீழே இருக்கிற அந்தப் பெண் யாரென்று எனக்குத் தெரியாது. அவளையும் கேட்காமல்தான் எடுத்திருக்கிறார்கள்.