சவலுந்தோ: சங்கிலியில் வெட்டிய நிலக்கரி

இந்தோனேசியாவின் மேற்குச் சுமத்ராவில், மராபி, சிங்கலாங் எரிமலைகளின் அடிவாரம் வழியே பாடாங் துறைமுகத்துக்கு நிலக்கரியை இறக்கப் பல்சக்கர ரயில் பாதை அமைத்தது டச்சு ஆட்சி. அந்தப் பொறியியல் திறனை முன்னிறுத்தியே சவலுந்தோ சுரங்க நகரம் 2019இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

நிலக்கரியை வெட்டியவர் யார்? ஜாவா முதலிய தீவுகளின் சிறைகளிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் காலில் சங்கிலியுடன் சுரங்கத்துக்குள் இறக்கப்பட்டனர். 'ஓராங் ரந்தாய்', அதாவது சங்கிலி மனிதர்! நாகரிகம் பரப்ப வந்தவர்களின் லட்சணம் இதுதான்.

1927 ஜனவரி 1 இரவு, அருகிலுள்ள சிலுங்காங்கில் கம்யூனிஸ்ட்டுகள் ஆயுதமேந்தி எழுந்தனர். காலனி அரசு துப்பாக்கியாலும் சிறையாலும் பதில் சொன்னது.

இன்று சுற்றுலாப் பயணிகள் இறங்கிப் பார்க்கும் சுரங்கம் 'ம்பா சூரோ' என்ற மேஸ்திரியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சங்கிலியில் மடிந்த பலரின் கல்லறைகளிலோ வெறும் கைதி எண்கள்.