கைராசி இல்லைன்னு சொல்லாதீங்க!

கொல்லைப்புறம் - வாரத் தொடர்

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மார்கழிக் காலை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில், கத்தரிச் செடிகளுக்கு முன்னால் அப்பா நின்றுகொண்டிருந்தார். செடிகள் இடுப்பு உயரம் வளர்ந்திருந்தன. ஆனால் தண்டு பென்சில் மாதிரி மெலிசு. பூத்த பூவெல்லாம் தரையில் கிடந்தது. இருபத்திரண்டு செடிகளில் அதுவரை நாங்கள் பறித்தது ஏழே ஏழு காய்.

"எனக்குக் கைராசி இல்லம்மா. பேசாம சிமென்ட் போட்டு மூடிடலாம். துணி காயப்போடவாவது ஆகும்" என்றார்.

பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தவர் அவர். ஓய்வு பெற்றபின் ஆசை ஆசையாகத் தொடங்கிய முதல் வேலை அந்தத் தோட்டம். பணம் போனதுகூடப் பரவாயில்லை. அதற்குப் பிறகு பகல் முழுக்க டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டார் பாருங்கள், அதுதான் எங்களுக்குக் கவலையாகிவிட்டது.

ஆடிப்பட்டம் நெருங்கிவிட்டது. இந்த வருடம் புதிதாகக் கொல்லையைக் கொத்தப் போகிறவர்களுக்காக எங்கள் வீட்டுக் கதையையே இந்த வாரம் சொல்லிவிடுகிறேன். கைராசிக்கும் செடி காய்ப்பதற்கும் சம்பந்தமே இல்லை என்று எங்களுக்குப் புரிய ஒரு வருடம் ஆனது. உங்களுக்கு ஐந்து நிமிடம் போதும்.

பச்சைமலையில் தொற்றிய ஆசை

அந்த வருடக் கோடையில் துறையூர் வழியாகப் பச்சைமலைக்குப் போயிருந்தோம். டாப் செங்காட்டுப்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டு நின்றோம். வீட்டைச் சுற்றி மரவள்ளி, வேலியில் அவரைப் பந்தல், ஓரமாக ஒரு பலா. யாரும் தனியாகத் தண்ணீர் ஊற்றுவது மாதிரியே தெரியவில்லை.

அந்த வீட்டு ஆயாவிடம் அப்பா குறிப்பெடுக்காத குறையாக விசாரித்தார். அவர் சிரித்துக்கொண்டே, "இங்க நாங்க மழையப் பாத்து வெதைக்கிறோம் தம்பி. ஒங்க கீழ்நாட்டுக்கு என்னான்னு எனக்கு என்னா தெரியும்? ஒங்க மண்ணத்தான் கேக்கணும்" என்றார்.

அப்பா காதில் விழுந்தது பாதிதான். ஊருக்கு வந்ததும் ஒரே வாரத்தில் நாலு பாத்தி, பன்னிரண்டு வகை விதை, இருபது தொட்டி. குழாய்க்குப் பக்கத்தில் இருந்தால் தண்ணீர் ஊற்ற வசதி என்று, பாத்திகளை வீட்டுச் சுவரை ஒட்டியே போட்டார். ஆடியில் எல்லாம் ஜோராக முளைத்தது. மார்கழியில் நடந்ததைத்தான் மேலே படித்தீர்கள்.

அம்மா சொன்ன ஒரு வரி

அப்பா சிமென்ட் என்றதும் அம்மா அடுப்படியிலிருந்து சொன்னார்: "அந்த இடத்துல மார்கழியில துணியே காயாதே. கார்த்திகை வந்தா நான் கொடியை மாத்திக் கட்டுறேனே, பாத்ததில்லையா? துணி காயாத இடத்துல செடி எப்படிக் காய்க்கும்?"

முப்பது வருடமாக அம்மாவுக்குத் தெரிந்த விஷயம். நாங்கள் யாரும் கேட்கவில்லை!

எங்கள் வீடு தெற்குப் பார்த்தது. கொல்லை வடக்கே. திருச்சியில் ஆனி, ஆடி மாதங்களில் உச்சிச் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். அதனால் வடக்குச் சுவர் ஓரமெல்லாம் பளிச்சென்று வெயில் அடிக்கும். ஆவணி பிறந்து ஒரு வாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, பிறகு தெற்கே நகர்ந்துகொண்டே போகும். மார்கழியில் நன்றாகத் தெற்கே சாய்ந்துவிடும். அப்போது வீட்டின் நிழல் முழுக்க வடக்கே விழும்.

அதாவது, விதைக்கும்போது இருக்கிற வெயில், காய்க்கும்போது அங்கே இருக்காது. கத்தரி நாற்று விட்டு, பிடுங்கி நட்டு, காய்ப்புக்கு வர ஐப்பசி ஆகிவிடும். சரியாக அப்போதுதான் நிழல் வந்து அதன் மேல் உட்கார்கிறது.

முதல் வேலை: நிழலை அளங்கள்

இதற்கு ஒரு சுலபக் கணக்கு இருக்கிறது. திருச்சிப் பக்கத்தில் மார்கழி நண்பகலில், ஒரு சுவரின் நிழல் அதன் உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தூரத்துக்கு வடக்கே விழும். எங்கள் வீடு மாடிக் கைப்பிடிச் சுவரோடு 15 அடி. அப்படியானால் நிழல் 10 அடி. சென்னையில் இது கொஞ்சம் கூடும், நாகர்கோவிலில் கொஞ்சம் குறையும்.

உங்கள் செல்போனில் திசைகாட்டி இருக்கும். வடக்கு எது என்று பார்த்து, வீட்டுச் சுவர், மதில், பக்கத்து வீட்டு மாடி எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுத் தரையில் கோடு கிழியுங்கள். கோட்டுக்கு வெளியே இருப்பதுதான் காய்கறிக்கான இடம். பிறகு காலை 8 மணி, மதியம் 12, மாலை 4 என்று மூன்று வேளை பாருங்கள். கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டைக்கு 6 மணி நேர வெயிலாவது வேண்டும். கீரை 3, 4 மணி நேர வெயிலிலும் வரும். புதினா, வெற்றிலைக்கு நிழல் கலந்த இடமே போதும்.

பந்தல், முருங்கை, வாழை போன்ற உயரமானவற்றைப் பாத்திக்கு வடக்கே வையுங்கள். தெற்கே வைத்தால், மார்கழியில் அவையே பாத்தியை மறைக்கும். முருங்கைக் கிளை காற்றில் சட்டென்று முறியும். எனவே வீட்டுக் கூரை, மின்கம்பி பக்கம் வேண்டாம்.

இரண்டாவது: மண்ணைக் கேளுங்கள்

பச்சைமலை ஆயா சொன்ன மீதிப் பாதி இதுதான். செங்காட்டுப்பட்டி என்ற பெயரிலேயே செம்மண் இருக்கிறது. ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் தீவு, ஆற்று வண்டல். நகரத்துக்குத் தெற்கே, மேற்கே போனால் பல இடங்களில் களர் மண். நவலூர் குட்டப்பட்டு வேளாண்மைக் கல்லூரியே அப்படிப்பட்ட மண்ணில்தான் இருக்கிறது. களரையும் உவரையும் தாங்குகிற 'திருச்சி' நெல் ரகங்கள் அங்கிருந்து வந்தவை. ஒரே ஊருக்குள் இத்தனை வித்தியாசம்!

வீட்டிலேயே மூன்று சோதனைகள் செய்யலாம்.

1. ஒரு அடி ஆழம் தோண்டுங்கள். எங்களுக்கு வந்தது செங்கல் துண்டும் காரைக் கட்டியும்தான். வீடு புதுப்பித்தபோது மிஞ்சியதைச் சுவர் ஓரத்தில் தள்ளி மூடியிருந்தோம். கட்டட இடிபாட்டில் எதுவும் உருப்படியாக வேர் பிடிக்காது. அள்ளி எடுத்துவிட்டு நல்ல மண் போடுங்கள், அல்லது இடத்தை மாற்றுங்கள்.

2. அதே குழியில் தண்ணீர் ஊற்றி வடிய விடுங்கள். மறுபடி நிரப்புங்கள். நாலு மணி நேரத்துக்குப் பிறகும் தண்ணீர் நின்றால், ஐப்பசி மழையில் வேர் அழுகிவிடும். அங்கே முக்கால் அடி உயர மேட்டுப்பாத்திதான் சரி.

3. ஒரு டம்ளர் மழைநீரில் காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கலக்காமல் போட்டு வையுங்கள். கட்டியைச் சுற்றிப் பால் மாதிரிக் கலங்கி, மறுநாளும் தெளியாவிட்டால் களர் என்று சந்தேகப்படலாம். உடனே ஜிப்சம் மூட்டை வாங்காதீர்கள். ஒரு கிலோ மண்ணை எடுத்துக்கொண்டு மண் பரிசோதனை நிலையத்துக்குப் போங்கள். சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை கேட்கலாம். களர் மண்ணிலும் சமாளிக்கும் மரம் வேண்டுமென்றால், நெல்லி நல்ல தேர்வு.

மூன்றாவது: எத்தனை குடம்?

10 அடி நீளம், 4 அடி அகலம் கொண்ட ஒரு பாத்திக்கு வெயில் காலத்தில் நாளொன்றுக்குச் சுமார் 20 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஏறக்குறைய ஒன்றரைக் குடம். உங்கள் வீட்டில் தினமும் அதற்கு மேல் எத்தனை குடம் மிஞ்சும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். அதற்குத் தகுந்த பாத்திதான் போட வேண்டும்.

அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர் நல்லது. பாத்திரம் கழுவும் தண்ணீரை அந்தக் காலத்து வழக்கப்படி வாழைக்கு விடுங்கள், கீரைப் பாத்திக்கு வேண்டாம். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரில் உப்பு கூடுதல், தொட்டிச் செடிக்கு ஆகவே ஆகாது. காய்ந்த சருகு, வைக்கோல், தேங்காய் மட்டை எதையாவது மண் மேல் மூடாக்காகப் பரப்பினால், ஈரம் சீக்கிரம் காயாது.

நான்காவது: ஒரே ஒரு பாத்தி

முதல் வருடம் நாலு பாத்தி வேண்டாம். மேலே சொன்ன அளவில் ஒன்றே ஒன்று. அகலம் 4 அடியைத் தாண்டக் கூடாது. அப்போதுதான் இரண்டு பக்கமிருந்தும் கை எட்டும், மண்ணை மிதிக்க வேண்டியதில்லை. தொழு உரமோ மண்புழு உரமோ இரண்டு கூடை கலந்து, ஒரு வாரம் ஆறவிடுங்கள்.

பட்டியலை அடுப்படியில் போடுங்கள். வாரத்தில் மூன்று நாள் உங்கள் வீட்டில் என்ன சமைக்கிறீர்களோ, அது மட்டும்தான். எங்கள் இரண்டாவது வருடப் பட்டியல் இது:

கீரை: அரைக்கீரை, சிறுகீரை. 25, 30 நாளில் முதல் அறுவடை. முதல்முறை தோட்டம் போடுகிறவருக்குத் தைரியம் கொடுப்பது இதுதான்.

வெண்டை: நேரடியாக விதைக்கலாம். 45 நாளில் காய். இலை நரம்பு மஞ்சளாகிப் பின்னல் மாதிரி தெரிந்தால் அந்தச் செடியைத் தயங்காமல் பிடுங்கிவிடுங்கள், மற்றவை தப்பிக்கும்.

கத்தரி, மிளகாய்: நாற்று விட்டு, 30 முதல் 40 நாளில் எடுத்து நட வேண்டும். வீட்டுக்கு ஆறு கத்தரி, நாலு மிளகாய் போதும்.

பந்தல் அவரை: வேலி ஓரத்தில் இரண்டு குழி. நாட்டு அவரை, பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கும். 'கொடி மட்டும் படர்கிறதே' என்று புரட்டாசியில் வெட்டிவிடாதீர்கள். கார்த்திகை வரை பொறுங்கள்.

பூச்சி தென்பட்டால், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்ப எண்ணெய், அது கரையக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

இப்போது எங்கள் கொல்லை

அந்த மார்கழியிலேயே அப்பா டேப்பும் நாலு குச்சியுமாகக் கொல்லைக்கு இறங்கினார். பணிமனைக் கை அல்லவா! நிழல் முடிகிற இடத்தில் குச்சி நட்டு, மாதா மாதம் நகர்த்தி, அளவைத் தினசரிக் காலண்டர் தாளின் பின்னால் குறித்து வைத்தார். ஆடிக்குள் எந்த இடத்தில் எந்த மாதம் வெயில் என்று அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

பாத்தி பதினோராவது அடியில் தொடங்கியது. குழாயிலிருந்து தூரம்தான், ஒரு ஹோஸ் வாங்கினோம். பழைய சுவர் ஓரத்தில் இடிபாட்டை அள்ளி, மண் நிரப்பி, புதினாவும் வெற்றிலைக் கொடியும் வைத்தோம். பதினெட்டாம் பெருக்கன்று அம்மா மண்டபத்தில் காவிரியைக் கும்பிட்டுவிட்டு வந்து விதை போட்டார் அப்பா. அந்த மார்கழியில் ஆறு கத்தரிச் செடிகளில் வாரத்துக்கு இரண்டு முறை பறித்தோம். பக்கத்து வீட்டுக்கும் போனது. கொடியை எங்கே கட்டுவது என்று இப்போது அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் புதுச் செடியே வருகிறது. டி.வி. பெரும்பாலும் சாயங்காலம்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை விதை வாங்கக் கிளம்ப வேண்டாம். ஒரு டேப், நாலு குச்சி எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போங்கள். கூடவே வீட்டில் துணி காயப்போடுகிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அடுத்த வாரம்: கடையில் வாங்கிய விதை முளைக்குமா, முளைக்காதா? ஈரத் துணியில் ஒரு சோதனை.