இருபத்தோரு கியர் எதுக்கு சார்?

அண்ணன் மகனுக்கு ரோடு பைக் ஆசை. அதாங்க, வளைந்த ஹேண்டில்பார், ஒல்லி டயர் சைக்கிள். கையில் 15,000 ரூபாய். கடைக்காரர் காட்டியதோ மலையேறும் சைக்கிள்! ‘சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக், 21 கியர்... இந்த விலைக்கு எங்கயும் கிடைக்காது சார்!’

‘சூப்பர்ல சித்தப்பா?’ என்றான் பையன்.

நான் பி.காம். அதே காசில் நாலு சாமான் சேர்த்தால் நாலுமே மட்டமாகத்தான் இருக்கும். முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 7, பெருக்கினால் 21. அதில் பல கியர்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான். சென்னையில் பரங்கிமலையை விட்டால் ஏற்றம் என்பது மேம்பாலம்தானே? மலிவு சஸ்பென்ஷன் வெறும் சுமை. குழியைத் தின்னாது, உங்கள் மிதியைத் தின்னும்.

‘இவன் உயரத்துக்கு என்ன ஃப்ரேம் சைஸ்?’ என்றேன்.

‘சீட்டை ஏத்திக்கலாம் சார்!’

சீட்டை ஏற்றலாம், ஃப்ரேமை நீட்ட முடியுமா? முதுகு பிடித்துக்கொண்டால் இவரா வந்து தைலம் தேய்ப்பார்?

2025 செப்டம்பரில் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவிகிதத்திலிருந்து 5 ஆனது. மிச்சமாகும் பணத்தையும் இந்த ஜிகினாவில்தான் கொட்டுகிறோம். ஹெல்மெட், பம்ப், பூட்டு வாங்க மட்டும் காசு இருக்காது!

ஞாயிற்றுக்கிழமை ஒரு செகண்ட் ஹேண்ட் ரோடு பைக் பார்க்கப் போகிறோம். இஞ்ச் டேப் எடுத்து வைத்துவிட்டேன்.