பெயர் தேய்ந்த டிரான்ஸிஸ்டர்

நேயர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய தகப்பனாருக்கு வயது எண்பது. மாலையில் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிபயரில் சங்கீதம் கேட்பதுதான் பெரியவருக்கு எஞ்சியுள்ள ஒரே பொழுதுபோக்கு. இப்பொழுது அதன் இடப் பக்கம் ஊமையாகிவிட்டது. பழுது பார்ப்பவர் மூடியைத் திறந்து, செத்துப்போன டிரான்ஸிஸ்டர் ஒன்றைக் காட்டினாராம். அதன் தலையிலிருந்த எழுத்துக்கள் தேய்ந்து போயிருந்தன. "பெயர் தெரியாத சாமானுக்கு மாற்று எங்கே தேடுவது? பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். "இது நியாயந்தானா?" என்று நேயர் நம்மைக் கேட்கிறார்.

நியாயமில்லை என்பதே நம் அபிப்பிராயம். பெயர் அழிந்தாலும் குணம் அழிவதில்லை. ஸிலிக்கன், ஜெர்மேனியம் முதலிய பொருள்களில் அமைந்த சந்திகள் மின்சாரத்தை ஒரு திசையில் விட்டு மறு திசையில் தடுப்பவை. (இவ்வினத்தைச் சேர்ந்த கலீனா என்னும் ஈயக் கனியத்தைக் கொண்டு அலைகளைக் கண்டறியும் கருவிக்கு நம் ஜகதீச சந்திர போஸ் 1904-ம் ஆண்டிலேயே அமெரிக்காவில் பேடண்ட் பெற்றார் என்பதை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும். டிரான்ஸிஸ்டர் பிறந்ததோ 1947-ல்தான்.) டிரான்ஸிஸ்டரில் அத்தகைய சந்திகள் இரண்டு. கடையில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டரை டயோட் குறியில் வைத்தால், ஸிலிக்கன் சந்தி நேர்த் திசையில் சுமார் 0.6 வோல்ட் காட்டும், ஜெர்மேனியமானால் 0.2 அல்லது 0.3.

பழைய ஆம்ப்ளிபயர்களில் பெரும்பாலும் காணப்படுவது, சிறு உலோகக் கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போன்ற டிரான்ஸிஸ்டர். அடியில் கால்கள் இரண்டே. கிண்ணத்தின் உடலே மூன்றாவது காலாகிய கலெக்டர். அதைப் பலகையினின்றும் கழற்றியே சோதிக்க வேண்டும். பலகையில் இருக்கும்போது பக்கத்திலுள்ளவை குறுக்கே பேசிக் கணக்கைக் கெடுத்துவிடும். எந்தக் காலிலிருந்து உடலுக்கும் மற்றக் காலுக்கும் ஆக இரண்டுக்குமே 0.6 கிடைக்கிறதோ, அதுவே பேஸ். பேஸில் சிவப்பு முனையை வைத்தபோது அவ்வளவு கிடைத்தால் என்.பி.என், கறுப்பு முனையை வைத்தபோது கிடைத்தால் பி.என்.பி. எமிட்டருக்கும் கலெக்டருக்கும் இடையே எத்திசையிலும் ஒன்றும் காட்டலாகாது. அங்கே பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் ஆசாமி காலமாகிவிட்டார் என்று பொருள்.

இந்தச் சோதனை எவ்வளவு அவசியம் என்பதற்கு ஓர் உதாரணம். 2என்3055 என்பதும் எம்ஜே2955 என்பதும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள்; ஆனால் முன்னது என்.பி.என், பின்னது பி.என்.பி. எழுத்து அழிந்தபின் ஒன்றன் இடத்தில் மற்றதைப் பொருத்தினால் ஆம்ப்ளிபயரில் சங்கீதம் வராது, புகைதான் வரும்.

சரி, செத்ததன் இனத்தை எவ்வாறு அறிவது? செத்தது பேசாது. ஆனால் ஸ்டீரியோ என்றால் வலப் பக்கம் ஒன்று உண்டல்லவா? இரு பக்கமும் ஒரே அமைப்பு. வலப் பக்கத்தில் அதே ஸ்தானத்தில் இருப்பதன் தலையைப் படிக்கலாம்; அங்கும் எழுத்து இல்லையாயின் மீட்டரால் சோதிக்கலாம். அண்ணன் அடுத்த அறையில் உயிரோடிருக்க, தம்பியின் பெயரை ஜோசியரிடம் கேட்பானேன்? ஊகத்தால் மட்டும் முடிவு செய்தல் தகாது. ஜோடியில் ஒன்று என்.பி.என், மற்றது பி.என்.பி. என்பது பிற்கால வழக்கம். நல்ல ஸிலிக்கன் பி.என்.பி. அரிதாயிருந்த காலத்து ஆம்ப்ளிபயர்களில் இரண்டுமே என்.பி.என். ஆக இருக்கும்.

இனி முக்கியமான விஷயம். மீட்டர் இனத்தைச் சொல்லுமேயன்றி வலிமையைச் சொல்லாது. 60 வோல்ட் தாங்குவதும் 140 வோல்ட் தாங்குவதும் அதற்கு ஒரே 0.6 தான். டயோடிலும் இதே கதை: 1என்4001 தாங்குவது 50 வோல்ட், 1என்4007 தாங்குவது 1,000, உருவமும் ஒன்று, மீட்டர் சொல்வதும் ஒன்று. ஆகவே வலிமையைச் சாமானிடம் கேட்காமல் பெட்டியிடம் கேட்க வேண்டும். ஊமைப் பக்கத்து ஜோடி இரண்டையும் எடுத்துவிட்டு, ஸ்பீக்கர்களையும் கழற்றிவிட்டு, மின்சாரம் கொடுத்து அளந்தால், கூட்டல் பக்கம் 25, கழித்தல் பக்கம் 25 வோல்ட் என்று வைத்துக் கொள்வோம். டிரான்ஸிஸ்டர் தாங்க வேண்டியது மொத்தம் 50. அதற்கு 60 வோல்ட் தாங்கும் 2என்3055 ஒருவாறு போதும். 35-ம் 35-ம் ஆனால் மொத்தம் 70. அங்கே அது உதவாது. 140 வோல்ட் தாங்கும் எம்ஜே15003 போன்றது வேண்டும்.

இவ்வளவையும் வீட்டிலுள்ளவர் தாமே செய்ய வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வயரைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்ஸர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். அது இறங்கிவிட்டதை மீட்டரில் காணாமல் கை வைப்பது ஆபத்து. பழக்கமுள்ளவர் செய்யட்டும், நேயர் அருகில் உட்கார்ந்து மேற்சொன்ன கேள்விகளைக் கேட்கட்டும். கிண்ணத்தின் அடியிலிருந்த மெல்லிய மைக்காத் தகடு திரும்ப வைக்கப்பட்டதா என்பதையும் அவசியம் கேட்க வேண்டும். அது இல்லையேல், உடலே கலெக்டராதலால், மின்சாரம் நேரே உலோகச் சட்டத்தில் பாயும். முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது 100 வாட் பழைய மாதிரி இழை பல்பு ஒன்றைத் தொடராக இணைத்துக் கொடுக்கச் சொல்ல வேண்டும். பல்பு சற்று ஒளிர்ந்து மங்கினால் க்ஷேமம். பிரகாசமாகவே நின்றால், உள்ளே இன்னும் ஏதோ ஒன்று செத்துக் கிடக்கிறது. பல்பு குறுக்கே நிற்பதால் புது டிரான்ஸிஸ்டர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

வாங்கும் இடத்திலும் ஜாக்கிரதை வேண்டும். 2என்3055 என்று பளபளப்பாக அச்சிட்ட போலிகள் சந்தையில் தாராளம். பெரிய கிண்ணத்துள் கடுகளவு ஸிலிக்கன் துண்டை வைத்து விற்கிறார்கள். மீட்டரில் அதுவும் 0.6 என்றே காட்டி நல்ல பிள்ளையாக நடிக்கும். சத்தத்தைச் சற்றுக் கூட்டியதும் உயிரை விடும். எழுத்து அழிந்த அசலைவிட எழுத்து பொறித்த போலியே மோசம். விலை அதிகமானாலும் ரசீது கொடுக்கும் கடையில் வாங்குவதே மேல்.